யார் மாற்றியது? வேர்ட்பிரஸ் திருத்தங்களோடு ஆறு வருஷம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டக் கோயிலுக்கு, இணையத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓர் இணையத்தளம் தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது. திருவிழா நிகழ்ச்சி நிரல், உபயக்காரர் பட்டியல், கூட்டக் குறிப்பு, அவ்வளவுதான் அதில் இருக்கும். இத்தனை வருஷத்தில் எனக்கு அதிகம் கைகொடுத்தது பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் 'திருத்தங்கள்' என்ற பட்டன்தான். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பழைய வடிவம் தனியாகப் பத்திரமாகிவிடும், யார் எப்போது சேமித்தார் என்பதும் கூடவே நிற்கும்.

ஆனால் முதல் மூன்று வருஷம் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. தப்பு எங்களுடையதுதான். செயலாளர், பொருளாளர், நான், செயலாளர் மகள், நாலு பேருக்கும் ஒரே லாகின். திறந்தால் மேலிருந்து கீழ்வரை அட்மின், அட்மின், அட்மின். யார் மாற்றியது என்று கேட்டால் நாலு பேரும் கூரையைப் பார்ப்போம். ஆளுக்கொரு கணக்கு போடப் பத்து நிமிஷம் ஆகாது, அதைச் செய்ய மூன்று வருஷம் ஆனது.

அப்புறம் இன்னொன்று. வேர்ட்பிரஸ் தானாக இத்தனைதான் என்று வரம்பு வைப்பதில்லை, எத்தனை திருத்தம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும். நாங்கள் இடம் வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங்காரர்கள் மட்டும் அதைச் சத்தமில்லாமல் 5 என்று குறைத்து வைத்திருந்தார்கள். ஆறாவது சேமிப்பில் முதலாவது போய்விடும். இது தெரிய வந்தது, தேவைப்பட்ட பழைய நிகழ்ச்சி நிரலைத் தேடிக் கிடைக்காத அன்றுதான். தளத்தின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் ஒரே வரி, 50 என்று மாற்றிக்கொண்டோம்.

அதன் பலன் போன வருஷத் திருவிழாவுக்கு முந்திய வாரம் தெரிந்தது. தோட்டத்தில் முன்பு மண்டோராக, அதாவது வேலையாட்களை மேற்பார்க்கிறவராக, இருந்த தாத்தா ஒருவர் கோயிலுக்கே நேரில் வந்துவிட்டார். "தம்பி, மூணாம் நாள் உபயத்துல என் பேரக் காணோம். வேணும்னே எடுத்துட்டாங்களா?" பொருளாளருக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஆகாது, விஷயம் எங்கே போகும் என்று தெரியும். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து மடிக்கணினியைத் திறந்தேன். ஒப்பிடும் திரையில் மேலே இருக்கும் ஸ்லைடரை இழுத்தால் இடப்பக்கம் நீக்கியது சிவப்பு, வலப்பக்கம் சேர்த்தது பச்சை. எங்கள் பட்டியல் ஒரே பெரிய அட்டவணையாக இருந்ததால் ஒரு பெயர் போனதற்கு மொத்த அட்டவணையும் சிவந்து கிடந்தது, அதற்குள் அவர் பெயரைத் தேட இருவரும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டோம். கிடைத்தது. நீக்கியவர் பெயர்: என் பெயர். இரவு 11.40. கைப்பேசியில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தப்போய் பக்கத்து வரிசையையும் அழித்திருக்கிறேன். தாத்தா சிரித்துவிட்டார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'மீட்டெடு' என்று அழுத்தினால் அந்தப் பக்கம் முழுவதும் பழைய நிலைக்குப் போகும், அதற்குப் பிறகு சேர்த்த மூன்று உபயக்காரர்களும் பக்கத்திலிருந்து காணாமல் போயிருப்பார்கள். பழைய வடிவத்திலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் நகலெடுத்து ஒட்டினேன். அன்றிலிருந்து அட்டவணை கிடையாது, ஒரு பெயருக்கு ஒரு பத்தி.

பிடிஎஃப், படங்கள் விஷயத்தில் இந்த வசதி கையை விரித்துவிடும். அதே பெயரில் திருத்திய கோப்பை ஏற்றினால் பழையதை மாற்றாது, பெயருக்குப் பின்னால் 1 போட்டுப் பக்கத்தில் வைக்கும், ஏற்கெனவே அனுப்பிய இணைப்பு பழைய கோப்பையே காட்டிக்கொண்டிருக்கும். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கங்களைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும், அந்த நேரத்தில் பாதி உறுப்பினர் கையில் வரைவுக் குறிப்பு, பாதிப்பேர் கையில் இறுதிக் குறிப்பு. இப்போது கூட்டக் குறிப்பைச் சாதாரணப் பக்கமாகவே எழுதுகிறோம், அச்செடுக்க மட்டும்தான் பிடிஎஃப்.

பொருளாளர் மட்டும் கணக்கை எக்செலில்தான் தருவேன் என்கிறார். அவர் மடிக்கணினியில் 'கணக்கு ஃபைனல்', 'கணக்கு ஃபைனல் புதுசு', 'கணக்கு ஃபைனல் இதுதான்' என்று மூன்று கோப்புகள் இருக்கின்றன. எது தணிக்கைக்குப் போனது என்று அவரிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.