ஊறிப்போன ஜிப்சம் சீலிங்: ஒட்டுப்போடுவதா, பிவிசிக்கு மாறுவதா?

மொட்டை மாடி ஒழுகி, எங்கள் கிருஷ்ணகிரி வீட்டு ஹால் சீலிங்கில் ஒரு மூலை பழுப்பேறித் தொங்கிவிட்டது. கேட்டவர்களில் பாதிப்பேர், "பிரிச்சுட்டு பிவிசி பேனல் அடிச்சிடுங்க, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்றார்கள். நாங்கள் கெட்டதை மட்டும் வெட்டி ஒட்டுப்போட்டோம். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

பிவிசிக்கு உள்ள நல்லது தெரிந்ததுதான்: வேலை சீக்கிரம் முடியும், பட்டி, பெயிண்ட் எதுவும் வேண்டாம், துடைத்தால் போதும். பாத்ரூமுக்கு நானும் அதையே சொல்வேன். தீ என்று வந்தால் ஜிப்சம் மேல். அதன் எடையில் சுமார் 21 சதவீதம் உள்ளே பிணைந்திருக்கும் தண்ணீர்; சூடேறினால் அது ஆவியாகி, தீ பரவுவதைத் தாமதப்படுத்தும். பிவிசி எரிந்தால் வரும் புகை கொடியது.

ஆனால் முடிவு செய்ய வைத்தது வேறு. தளம் மறுபடி ஒழுகினால் என்ன ஆகும்? ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்த மொட்டை மாடிக்கும் யாரும் உத்தரவாதம் தர முடியாது. பிவிசியில் தண்ணீர் மேலேயே தேங்கி, சரிவு பார்த்து ஓடி, எங்கோ லைட் ஓட்டை வழியாகச் சொட்டும். ஒழுகும் இடம் ஒன்று, சொட்டும் இடம் இன்னொன்று. பேனல்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருப்பதால், நடுவில் ஒன்றைக் கழற்ற ஓரத்திலிருந்து பிரித்துக்கொண்டே வர வேண்டும். ஜிப்சம் என்றால் கறையே காட்டிக் கொடுத்துவிடும். பெரும்பாலும் கறைக்குப் பக்கத்திலேயே ஒழுக்கும் இருக்கும். அந்தச் சதுரத்தை மட்டும் வெட்டினால் போதும்.

முதலில் மாடி ஒழுக்கை அடைத்து, சீலிங்கை நன்றாகக் காயவிட வேண்டும். மெயினை அணைத்துவிட்டு, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, அமுங்காத இடம் வரை சதுரமாக வெட்டுங்கள். விளிம்புக்குப் பின்னால் சேனல் (சீலிங்கைத் தாங்கும் இரும்புச் சட்டம்) துண்டு கொடுத்து, அதே 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டைத் திருகுங்கள். திருகுத் தலை போர்டின் மேல் உள்ள காகிதத்தைக் கிழிக்காமல் லேசாகக் குழிந்து உட்கார வேண்டும். கிழிந்தால் பிடிப்பு போச்சு. இணைப்பில் டேப் ஒட்டி, ஜாயின்டிங் காம்பவுண்டை (இணைப்பை நிரப்பும் பூச்சுக் கலவை) ஒவ்வொரு பூச்சுக்கும் அகலம் கூட்டிப் பூசுங்கள். வெறும் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) வைத்து அடைப்பவர்களும் உண்டு. சீக்கிரம் இறுகிவிடும், ஆனால் டேப் இல்லாத இணைப்பு விரிசல் விடும். சுற்றிலும் மிச்சமிருக்கும் பழைய கறை மேல் கறை தடுக்கும் பிரைமர் கட்டாயம்; சாதா எமல்ஷன் என்றால் பழுப்பு மறுபடி எட்டிப் பார்க்கும்.

டெக்ஸ்ச்சர், அதாவது மேற்பரப்பின் சொரசொரப்பைப் பழையதோடு ஒத்துப்போகச் செய்வதுதான் சோதனை. எங்களுடையது ரோலர் உருட்டி எழுப்பிய சொரசொரப்பு. வழவழப்பான சீலிங் என்றால் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது ஒட்டு துருத்தித் தெரியும். சொரசொரப்பு ஓரளவு மறைத்துவிடும். மிச்சமிருந்த போர்டுத் துண்டில் காம்பவுண்டின் பதத்தை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்த பிறகே மேலே கை வைத்தோம். கெட்டியாக இருந்தால் முள் முள்ளாக எழும்புகிறது, நீர்த்தால் படுத்துவிடுகிறது. பெயிண்டை மட்டும் சீலிங் முழுக்க அடித்துவிடுங்கள். ஒட்டுக்கு மட்டும் அடித்தால் திட்டு தெரியும். அப்படியும் தேடிப் பார்ப்பவர் கண்ணில் எங்கள் ஒட்டு படும்தான்.

சீலிங் பல இடங்களில் தொங்கினாலோ, சேனல் துருப்பிடித்தாலோ, கரும்பூஞ்சை பரவியிருந்தாலோ ஒட்டு வேலை வீண், முழுசாக மாற்றுங்கள். பிவிசி பற்றி நான் சொன்னது உறவினர் வீட்டில் பார்த்ததை வைத்து. எங்கள் ஒட்டும் இன்னும் ஒரு பெரிய மழையைப் பார்க்கவில்லை.