குழாய்க் குளிர்விப்பு சிமுலேஷன்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) குழாய் தயாரிக்கும் எங்கள் எக்ஸ்ட்ரூஷன் லைனில் உற்பத்தி வேகத்துக்கு வரம்பு கட்டுவது பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் அன்று, குளிர்விப்புத் தொட்டிகளே. வடிவம் தரும் அச்சான டையிலிருந்து சுமார் 210 டிகிரி செல்சியஸில் வெளிவரும் குழாய், வெற்றிடத்தால் அதன் வடிவைக் காக்கும் வேக்கம் டேங்கையும் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே டேங்குகளையும் கடப்பதற்குள் உட்சுவர்வரை இறுகிவிட வேண்டும். இதைக் கணிப்பதற்காக, சுவரின் தடிமன் வழியே வெப்பம் கடத்தப்படுவதை மட்டும் கணக்கிடும் எளிய கணினிச் சிமுலேஷன் ஒன்றைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதி, மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

முதலில் அது திருத்தியது தொட்டித் தண்ணீரைக் குளிராக்கும் இயந்திரமான சில்லரைப் பற்றிய என் நம்பிக்கையைத்தான். வேகம் போதவில்லை என்றால் தண்ணீரை இன்னும் குளிராக்குவதே எங்கள் வழக்கமாக இருந்தது. ஆனால் 110 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. சுவரும் கொண்ட குழாய்க்குத் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இறக்கிப் பார்த்தபோது, குளிரும் நேரம் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. தடை தண்ணீரில் இல்லை; வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் பாலிஎத்திலீனில் இருக்கிறது. குளிரும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், 5.8 மி.மீ. சுவருள்ள 63 மி.மீ. குழாயைவிட இந்த 110 மி.மீ. குழாய்க்கு ஏறத்தாழ மூன்று மடங்கு நேரம் தேவைப்படுகிறது. அன்றிலிருந்து சில்லரைத் தேவைக்கு மேல் ஓட்டுவதை நிறுத்திவிட்டோம்.

என் முதல் கணக்கில் பிழையும் இருந்தது. பாலிஎத்திலீன் படிகமாகும்போது 120 டிகிரியை ஒட்டி வெளிவிடும் உள்ளுறை வெப்பத்தை நான் சேர்க்காததால், குழாய் உண்மையைவிட விரைவாகக் குளிர்வதாகத் திரையில் தெரிந்தது. அதைச் சேர்த்த பிறகே கணிப்பு அளவீட்டை நெருங்கியது.

எனக்கு மிகவும் நிறைவு தந்தது தொட்டிகளுக்கு இடையே விட்ட இடைவெளிதான். கடைசித் தொட்டியைத் தாண்டும் குழாயைத் தொட்டால் சில்லென்றிருக்கும். சற்று நேரம் கழித்து அதே இடத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினால், உள்ளிருக்கும் வெப்பம் வெளியே வந்து அளவு மெல்ல ஏறுவதைக் காணலாம். வெளிப்புறம் முந்தி இறுகி, உட்புறம் பிந்திச் சுருங்குவதால் சுவருக்குள் எஞ்சு தகைவு, அதாவது வெளியேறாத உள் இழுவிசை, தங்குகிறது. அறுத்த குழாயின் முனை உள்நோக்கிக் குவிவது அதன் அடையாளம். இடையில் காற்றில் சிறிது தூரம் செல்ல விட்டால் இரு புறங்களின் வெப்பநிலையும் நெருங்கும் என்று சிமுலேஷன் காட்டியது. தொட்டிகளைத் தள்ளி வைத்தபின் முனையின் குவிவும் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. சுற்றிலும் தண்ணீர் சீராகப் படுகிறது என்றே இந்தச் சிமுலேஷன் எடுத்துக்கொள்கிறது. ஒருமுறை குழாய் தொடர்ந்து நீள்வட்டமாக வந்தபோது, இரண்டு நாள் கணக்கிலேயே தவறைத் தேடினேன்; மூடியைத் திறந்து பார்த்தால், ஒரு பக்கத்தில் தண்ணீர் தெளிக்கும் நாசில்கள் உப்புப் படிந்து அடைத்திருந்தன. இப்போது எந்தப் புதிய கணக்கை ஓட்டுவதற்கு முன்பும் நாசில்களைக் கழற்றிப் பார்த்துவிடுகிறேன்.