மயிற்பீலியா, தீக்கோழி இறகா? இரண்டு வருடம் கட்டிப் பார்த்த பிறகு

மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டும் போலிப் பூச்சிக்கு ஃபிளை என்று பெயர். நான் அதைக் கட்டும் மேசையில் இப்போது இரண்டு இறகுகளும் இருக்கின்றன. கனடாவில், ஒன்டாரியோவின் கிராண்ட் ஆற்றில் பிரவுன் டிரவுட் என்ற மீனுக்காக நிம்ஃப், அதாவது நீருக்கடியில் வாழும் இளம்பூச்சி போன்ற ஃபிளை, கட்ட ஆரம்பித்தபோது மயில் தோகையைத்தான் முதலில் எடுத்தேன். விராலிமலைப் பக்கம் பிறந்தவனுக்கு வேறு எது தோன்றும்? நோட்டுக்குள் மயிலிறகை வைத்துக் குட்டி போடும் என்று காத்திருந்த பிள்ளைகள்தானே நாம். இரண்டு சீசனுக்குப் பிறகு, தண்ணீருக்கு அடியில் ஓடும் நிம்ஃப்களுக்கு முழுக்கத் தீக்கோழிக்கு மாறிவிட்டேன். மயிலைக் கைவிடாத இடமும் ஒன்று உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டிலும் நமக்கு வேண்டியது நடுத்தண்டு அல்ல, அதிலிருந்து பிரியும் நீளமான இழை. அந்த இழையின் ஓரத்தில் பொசுபொசுவென்று நிற்கும் துய்தான் தூண்டில் முள்ளில் சுற்றும்போது பூச்சியின் உடம்பாகிறது. மயிலின் துய் குட்டையானது, அடர்த்தியானது, மின்னும். தீக்கோழியின் துய் நீளமானது, மென்மையானது. அதில் மினுமினுப்பு கிடையாது, ஆனால் தண்ணீரில் அசையும். ஒரே இறகில் டஜன் கணக்கில் கட்டலாம் என்பதால் விலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். மயிலின் பச்சை சாயம் அல்ல. துய்க்குள் இருக்கும் நுண்ணிய அடுக்கமைப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தில் பிறக்கும் நிறம் அது. அதனால்தான் ஒரு பக்கம் பச்சையாகவும் கொஞ்சம் திருப்பினால் செம்பு நிறமாகவும் தெரிகிறது. அழகுதான், ஆனால் வேண்டிய நிறத்துக்கு அதை மாற்றுவது பெரும்பாடு. தீக்கோழியின் வெள்ளை இறகு எந்தச் சாயத்தையும் குடித்துக்கொள்ளும். பாத்திரம் கழுவும் சோப்பில் அலசி, கொதிக்க விடாமல் சூடான நீரில் சாயமும் வினிகரும் சேர்த்து வைத்தால் போதும். எடுக்கும்போது நனைந்த எலி வால் மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், ஹேர் டிரையர் காட்டினால் பழையபடி விரிந்துவிடும்.

எனக்கு வேண்டிய நிறம் ஊதா கலந்த பழுப்பு. ஃபெர்கஸ் ஊருக்கு மேலே ஷாண்ட் அணை நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து குளிர்ந்த நீரை விடுகிறது. அதை நம்பித்தான் 1989 முதல் அங்கே பிரவுன் டிரவுட் குஞ்சுகளை விட்டு வளர்க்கிறார்கள். கோடையில் அந்த ஆற்றில் இசோனிகியா என்ற பூச்சியின் ஊதாப் பழுப்பு நிற நிம்ஃப் ஏராளம். குட்டி மீன் போல விருட்டென்று நீந்தும். முதுகில் வெளிறிய கோடு, வயிற்றின் இருபுறமும் வரிசையாகச் செவுள்கள். அந்தச் செவுள்களின் துடிப்பை மயிலிழையால் காட்ட முடியவில்லை. தீக்கோழித் துய் அதைத் தானாகவே செய்கிறது.

இதெல்லாம் இருந்தாலும், என்னை மாற வைத்தது உழைப்பு. அதாவது ஒரு ஃபிளை எத்தனை மீன் தாங்கும் என்பது.

பிரவுன் டிரவுட்டுக்கு மேலண்ணத்திலும் பல் உண்டு. அதன் வாயில் சிக்கும் எதுவும் இரண்டு பக்கமும் அரைபடும். மயிலிழையின் தண்டு வறண்டது, மடங்கினால் முறியும். ஒரு சாயங்காலம் பாறைக்குக் கீழே நல்ல ஓட்டத்தில் மூன்று மீன் வரிசையாக எடுத்தன. மூன்றாவதை விட்டுவிட்டு ஃபிளையைப் பார்த்தால், இழை ஒரு இடத்தில் அறுந்து, சுற்றெல்லாம் அவிழ்ந்து, பச்சை நூல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் புதிதாக ஒன்று கட்டுவதற்குள் மீன் அடங்கிவிட்டது. அடுத்த நாள் பெட்டியைத் திறந்து எண்ணினேன். மயிலிழை நிம்ஃப் ஒன்பதில் ஐந்து அறுந்திருந்தன.

சரி, முறையாகப் பார்ப்போம் என்று இரண்டிலும் ஆறாறு கட்டினேன். ஒரே பன்னிரண்டாம் நம்பர் முள், ஒரே மெல்லிய செம்புக் கம்பி, ஒரே நூல். எது எத்தனை மீனில் போனது என்று குறித்துக்கொண்டே வந்தேன். மயிலில் நான்கைந்து மீனைத் தாண்டியது ஒன்றே ஒன்று. தீக்கோழியில் இரண்டை ஆற்றடிக் கல்லுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன். மீதி நான்கும் பத்து மீனுக்கு மேல் தாங்கின, அதில் ஒன்று இன்னும் பெட்டியில் இருக்கிறது. ஒருவரின் கை, ஒரே ஆறு, பன்னிரண்டு ஃபிளை. இதை வைத்துப் பெரிய தீர்ப்பு சொல்ல மாட்டேன், ஆனால் என் பெட்டிக்கு இது போதும்.

காரணம் தண்டு மட்டும் இல்லை. தீக்கோழியின் தண்டு மெல்லியது, பல்லில் மாட்டினால் அதுவும் அறும். ஆனால் வளைந்து கொடுக்கும். துய் நீளமாக இருப்பதால் மேலே சுற்றும் கம்பி அதற்குள் புதைந்து தண்டை நேராகப் பிடித்துக்கொள்கிறது. ஒரு இடத்தில் அறுந்தாலும் அடுத்த சுற்றை அந்தக் கம்பி அவிழ விடுவதில்லை. மயிலில் துய் குட்டை, கம்பியைக் கொஞ்சம் இழுத்துச் சுற்றினால் அதுவே தண்டை வெட்டிவிடுகிறது. மூன்று நான்கு மயிலிழையை நூலோடு முறுக்கிக் கயிறு மாதிரி சுற்றலாம், அப்போது நன்றாகவே உழைக்கும். ஆனால் உடம்பு தடித்துவிடும், ஒல்லியான இசோனிகியாவுக்குப் பொருந்தாது.

கட்டும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இழையை முதலில் வாலருகே கட்டி முன்னோக்கிச் சுற்றுங்கள், துய் பின்பக்கம் சாய்ந்திருக்கட்டும். அப்புறம் கம்பியை எதிர்த்திசையில் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கம்பியை இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டினால் துய்க்கு இடையில் நழுவி இறங்கும். ஆட்டாமல் அமுக்கினால் பாதித் துய் கம்பிக்கு அடியில் மாட்டிச் செத்துவிடும். முடிந்ததும் கத்தரியால் முதுகிலும் வயிற்றிலும் ஒட்ட நறுக்கி, பக்கவாட்டுத் துய்யை மட்டும் விடுங்கள். அதுதான் செவுள்.

தீக்கோழிக்கும் குறை உண்டு. கோடையில் கல்லில் படரும் பாசி துய்யில் சிக்கிக்கொள்ளும், நாலு தடவை வீசினால் ஒரு தடவை கழுவ வேண்டும். சாயம் போட்டு வரும் இறகில் தரம் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு கைவினைப் பொருள் கடையில் வாங்கியதில் சாயம் விரலில் ஒட்டியது, இழை தொட்டாலே ஒடிந்தது. அதன் பிறகு வெள்ளை வாங்கி நானே சாயம் போடுகிறேன்.

மேலே மிதக்க வேண்டிய ஃபிளைக்குத் தீக்கோழி ஆகவே ஆகாது, தண்ணீரைக் குடித்து முழுகிவிடும். அங்கே மயில்தான். கிரிஃபித்ஸ் நாட் என்ற குட்டி ஃபிளையில் மயிலிழை உடம்பும் வரியோடிய சேவல் இறகும் தவிர வேறெதுவும் இல்லை. 1959இல் அமெரிக்காவின் மிச்சிகனில், டிரவுட் மீன்களைக் காக்கும் டிரவுட் அன்லிமிடெட் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் கிரிஃபித்தின் பெயர் அதற்கு. கொசு அளவுப் பூச்சிகள் நீர்மேல் பொரியும் நேரத்தில் அதைவிட எளிதான, நம்பகமான ஃபிளையை நான் கட்டியதில்லை.

ஸ்டீல்ஹெட் என்ற பெரிய டிரவுட் வகைக்கு நீளத் தீக்கோழி இழைகளை விசிறி மாதிரி வைத்துக் கட்டும் பெரிய ஃபிளைகளில் எனக்கு அனுபவம் குறைவு. மூன்று கட்டினேன், ஒரு மீன் தொட்டது. சால்மன் ஃபிளை கட்டியதே இல்லை. ஆனால் ஜாக் ஸ்காட் போன்ற பழைய சால்மன் ஃபிளைகளிலேயே வாலடியில் கறுப்புத் தீக்கோழி இழையில் ஒரு வளையம் உண்டு, ஆக இது புதிய பொருள் அல்ல.

வாங்கும்போது நுனிப் பக்கம் துய் குட்டையாக இருக்கும் இறகைத் தேடுங்கள், சிறிய முள்ளுக்கு அதுதான் வசதி. அடிப்பக்க நீளத் துய்யைப் பெரிய முள்ளுக்கு வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையில் கட்டிச் சில நாள் ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள், அந்துப்பூச்சி இரண்டு இறகையும் ஒரே ஆசையோடு தின்னும். என் மேசையில் இந்த வாரம் ஊதாப் பழுப்பில் ஆறு நிம்ஃப் கட்டியாயிற்று. முதுகில் வெள்ளை நூல் கோடு வைப்பது மட்டும் பாக்கி.