பச்சை ஸ்பாஞ்சா, ஜாடித் தண்ணீரா?

பிறந்தநாளுக்குப் பூ அனுப்ப, தண்ணீரில் ஊறிய பச்சை ஸ்பாஞ்சில் பூக்களைச் செருகிய கூடையா, காகிதத்தில் சுற்றிய தண்டுப் பூக்களா? இந்த வாரம் மட்டும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

விலை: கூடைக்கு அலங்காரக் கூலியும் சேரும். ஓசூர் ரோஜாவைத் தண்டாக வாங்கினால் பூவுக்கு மட்டும்தான் காசு.

வசதி: கூடையை மேசையில் வைத்தால் வேலை முடிந்தது. தண்டுக்கு ஜாடி வேண்டும். அடியைச் சாய்வாக வெட்டி, நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ள வேண்டும்.

ஆயுள்: தண்டுதான். ஜாடியில் தினமும் தண்ணீர் மாற்றலாம், ஸ்பாஞ்சில் முடியாது. சம்பங்கி கீழிருந்து மேலாக மலரும். வாடிய அடிப்பூக்களைக் கிள்ளிவிட்டால் மேல்மொட்டுகள் ஒவ்வொன்றாக விரியும். பழுத்த வாழைப்பழத்தின் அருகே மட்டும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவை வாட்டும். கார்னேஷன் கொத்து ஒன்றை அப்படித்தான் இழந்தேன்.

குப்பை: அந்த ஸ்பாஞ்ச் ஒருவகை பிளாஸ்டிக். விரலால் அழுத்தினாலே பொடியாக உதிரும், பொடி மக்காது. காகிதமும் தண்டும் உரக்குழிக்குப் போகும்.

ஜாடி கிடைக்காத விடுதி அறைக்கோ விழா மேடைக்கோ கூடையே சரி. ஆனால் ஸ்பாஞ்சுக்குப் பதில் கம்பிவலை வைத்துத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு என்றால் தண்டுப் பூக்களே போதும்.