பழைய தெலுங்குப் படங்கள்: எதில் தொடங்கலாம், எந்தப் பிரதியைப் பார்க்கலாம்

பல வருடங்களாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குப் பழைய தெலுங்குப் படங்கள்தான் துணை. அந்த மொழியை எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காதில் விழுந்து பழகியதோடு சரி. ஆனாலும் நமக்கு ஒரு வசதி உண்டு. 1950களில் விஜயா நிறுவனம் சென்னை வாகினி ஸ்டூடியோவில் பல படங்களைத் தெலுங்கு, தமிழ் இரண்டிலும் எடுத்தது. கதை முன்பே தெரியும் என்பதால் சப்டைட்டில் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

கண்ணை மூடிக்கொண்டு 'மாயா பஜார்' (1957) படத்தில் தொடங்கலாம். அபிமன்யுவாகத் தமிழில் நடித்த ஜெமினிக்குப் பதில் நாகேஸ்வர ராவ், தங்கவேலு இடத்தில் ரேலங்கி. ரங்கா ராவும் சாவித்திரியும் இரண்டிலும் உண்டு. சசிரேகா (தமிழில் வத்சலா) உருவில் வந்திருப்பது கடோத்கசன் என்பதைச் சாவித்திரி நடையிலேயே காட்டிவிடுவார். 'அஹ நா பெள்ளியண்ட' பாட்டில் சுசீலாவின் குரலுக்கு நாணிக் கோணுகிறவர், திடீரென்று தோளை விரித்து அரக்கனாகிவிடுவார். உடனே கண்டசாலா குரல் கேட்கும். மணவறையில் மாப்பிள்ளையின் காலை மிதிக்கும் இடத்தில், தங்கவேலுவைவிட ரேலங்கி படும் பாடுதான் எனக்கு ஒரு பிடி கூடுதலாகப் பிடிக்கும். சண்டைக்கு வரவேண்டாம்.

2010இல் வந்த வண்ணப் பதிப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். படத்தின் நீளத்தையும் குறைத்துவிட்டார்கள்; ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி கறுப்பு வெள்ளையில் உண்டாக்கிய நிலவொளி அதில் பழைய காலண்டர் படம்போல் ஆகிவிட்டது. இணையப் பிரதிகளில் வேறொரு தொல்லை: அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள், கிரீடம் பாதி காணாமல் போகிறது. மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக ஓடினால் அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள்.

அடுத்து 'மிஸ்ஸம்மா' (1955), சிரமமே இல்லாத படம். காது பழகியபின் பி.என். ரெட்டியின் 'மல்லீஸ்வரி' (1951). மாறுவேடத்தில் வந்த கிருஷ்ணதேவராயரிடம், நாயகி மல்லிக்குப் பல்லக்கு அனுப்புங்கள் என்று நாயகன் நாகராஜு விளையாட்டாகச் சொல்லிவைக்க, பல்லக்கு நிஜமாகவே வாசலுக்கு வந்து நிற்கிறது. படம் மெதுவாகத்தான் நகரும். பானுமதியே பாடி நடித்திருப்பதால் எனக்கு அது குறையாகப் படவில்லை.

புராணப் படங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். வசனத்துக்கு நடுவே பாத்திரங்கள் நின்று பத்தியம், அதாவது செய்யுள், பாடுவார்கள். அந்த மரபு பிடிபடச் சில படங்களாவது ஆகும். அதற்கு 'நர்த்தனசாலா' (1963) நல்ல தேர்வு. கீசகனாக வரும் ரங்கா ராவுக்கு ஜகார்த்தா ஆப்பிரிக்க ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அவர் மீசையை முறுக்கிக்கொண்டு நுழையும்போது அர்த்தம் சொல்ல ஆள் தேவைப்படாது.