நைலான் தந்தியை எதில் கேட்பது: டி.வி.யா, புளூடூத் ஸ்பீக்கரா, ஹெட்போனா?

கிறிஸ்துமஸ் வாரத்தில் இணையத்தில் ஒளிபரப்பான கிளாசிக்கல் கிட்டார் கச்சேரி ஒன்றுக்கு டிக்கெட் வாங்கியிருந்தேன். பல நாட்டுக் கலைஞர்கள் அவரவர் ஊரில் இருந்தபடியே ஆளுக்கு இரண்டு மூன்று உருப்படிகள் வாசித்தார்கள். ஒளிபரப்பு முடிந்த பிறகும் சில நாட்கள் திரும்பப் பார்க்கலாம் என்பதால், ராயபுரத்தில் எங்கள் வீட்டில் இருக்கும் மூன்று வழிகளிலும் கேட்டுப் பார்க்க முடிந்தது: ஹாலில் இருக்கும் டி.வி., புளூடூத் ஸ்பீக்கர், மடிக்கணினியில் செருகிய வயர் ஹெட்போன். என் ஓட்டு ஹெட்போனுக்கே.

படம் என்று பார்த்தால் டி.வி.யை அடிக்க ஆளில்லை. இடது கை விரல்கள் தந்திமேல் ஏறி இறங்குவதும் வலது கை நகம் தந்தியைத் தொடும் கோணமும் பெரிய திரையில்தான் தெரியும். ஒலியில்தான் சிக்கல். இப்போதைய மெல்லிய டி.வி.க்களில் ஸ்பீக்கர் சின்னது. பெரும்பாலும் கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ இருக்கும். கிட்டாரின் ஆறாவது தந்தி, அதாவது மிகக் கனத்த ஒலி தரும் அடித்தந்தி, ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 82 அதிர்வு) ஒலிக்கிறது. சில உருப்படிகளுக்கு அதை இன்னும் தளர்த்தி 73 ஹெர்ட்ஸ் வரை இறக்குவார்கள். அந்தக் கனம் சின்ன ஸ்பீக்கரில் வராது. ஸ்பெயினின் ஃபிரான்சிஸ்கோ தாரெகா எழுதிய ‘அல்ஹம்ப்ரா நினைவுகள்’ உருப்படியில் மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி விரல் மூன்றும் ஒரே சுரத்தை விடாமல் மீட்டிக்கொண்டிருக்க, கட்டை விரல் அடியில் தனியாக ஒரு நடை நடக்கும். டி.வி.யில் மேலே உள்ள படபடப்பு மட்டும் கேட்டது. கட்டை விரலின் நடை காணாமல் போயிற்று. டி.வி.யில்தான் பார்ப்பேன் என்பவர்கள், ஒலியளவைத் தானாகச் சமப்படுத்தும் வசதியை அமைப்புகளில் முதலில் அணைத்துவிடுங்கள். கலைஞர் வேண்டுமென்றே அடக்கி வாசிப்பதை அது தூக்கி நிறுத்திவிடும்.

புளூடூத் ஸ்பீக்கரில் அடித்தந்தி ஓரளவு கிடைக்கிறது, நாலு பேர் சேர்ந்து கேட்கலாம். ஆனால் ஒலி படத்துக்குச் சற்றுப் பின்னால் வரக்கூடும். பேச்சில் அது பெரிதாகத் தெரியாது; விரல் தந்தியை விட்ட பிறகு சுரம் வந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

இவற்றையெல்லாம் ஒருவிதமாகச் சமாளித்துவிடலாம். தீர்ப்பை முடிவு செய்தது வேறு: இந்தக் கருவியின் ஒலி சின்னது. பெரம்பூர், ராயபுரம் பக்கம் கிறிஸ்துமஸ் கேரல்களில் நாம் கேட்டு வளர்ந்த கிட்டார் எஃகுத் தந்தி போட்டது, ஓங்கி ஒலிப்பது. கிளாசிக்கல் கிட்டாரில் நைலான் தந்தி. அதற்கு முன், 1940கள் வரை, விலங்குக் குடலில் செய்த தந்தி. மீட்டுவது விரலும் நகமும்தான். மீட்டிய கணத்திலிருந்தே சுரம் தேயத் தொடங்கும். வீணை கேட்டுப் பழகிய காதுக்கு இது புரியும்: சுரம் பிறப்பதைப் போலவே அது அடங்குவதும் இசைதான். ஸ்பெயினின் வடகிழக்கில் வாழும் கட்டலான் மக்களின் பழைய கிறிஸ்துமஸ் பாடல் ஒன்றை, கிட்டார் கலைஞர் மிகேல் லியோபெட் கிட்டாருக்கு அமைத்திருக்கிறார். விழாக்காலக் கச்சேரிகளில் அடிக்கடி வாசிக்கிறார்கள். அதன் அழகில் பாதி, ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்குள் கரையும் ஒலியில் இருக்கிறது.

அந்தக் கரைதலுக்கு எங்கள் தெருவில் இடமில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியின் உறுமல் அடித்தந்தியின் அதே கனத்த ஒலி எல்லைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஸ்பீக்கரைக் கூட்டினால், அடுத்த கலைஞர் ஆறு தந்திகளையும் விசிறி அடிக்கும்போது வீடே அதிர்கிறது. பல கலைஞர்கள் சேரும் இணையக் கச்சேரியில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. ஒருவர் கல் தேவாலயத்தில் வாசிப்பார், இன்னொருவர் புத்தக அலமாரிக்கு முன் உட்கார்ந்திருப்பார். ஆளுக்கு ஆள் ஒலியளவு மாறும். இணையத்தில் ஏற்படும் தாமதத்தால் வெவ்வேறு ஊரில் இருக்கும் இருவர் நேரலையில் தாளம் பிசகாமல் சேர்ந்து வாசிப்பது கடினம். அதனால் இத்தகைய நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் தனி வாசிப்புதான். ஒற்றைக் கிட்டார் என்றால் லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேறு வாத்தியத் துணையும் கிடையாது.

காதை முழுவதும் மூடும் ஹெட்போனைப் போட்டதும் தெரு பின்வாங்கியது. ஒலியளவைப் பாதி அளவுக்கும் கீழே வைத்தே அடித்தந்தியின் நடை தனியாகக் கேட்டது. உலோக இழை சுற்றிய தந்தியின்மேல் விரல் சறுக்கும் ‘கிறீச்’ சத்தம், கடினமான இடத்துக்கு முன் கலைஞர் மூச்சை இழுப்பது, கடைசி சுரம் அடங்கிய பின்னும் அந்தத் தேவாலயத்தின் முழக்கம் ஒரு வினாடி நிற்பது எல்லாம் கிடைத்தன. டி.வி.யில் கேட்டபோது இவற்றில் ஒன்றுகூட இல்லை.

ஹெட்போனிலும் வகை உண்டு. பின்புறம் திறந்த வகையை இசைப் பிரியர்கள் புகழ்வார்கள். அமைதியான அறை இருந்தால் சரி, வடசென்னையில் சாலையோர வீடு என்றால் மூடிய வகையே உதவும். இரைச்சலை மின்னணு முறையில் குறைக்கும் விலை உயர்ந்த ரகத்தை நண்பர் வீட்டில் சிறிது நேரம்தான் போட்டுப் பார்த்தேன். மின்விசிறி இரைச்சலை நன்றாக விழுங்கியது. கிட்டாரின் நுணுக்கத்தில் கை வைக்கிறதா என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அதில் பழக்கமில்லை.

பராமரிப்பு கொஞ்சம் உண்டு. நம் ஊர்ப் புழுக்கத்தில் செயற்கைத் தோல் மெத்தை உரிந்து கன்னத்தில் கறுப்புத் துகளாக ஒட்டும்; மெத்தையைக் கழற்றி மாற்றக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள். கடற்காற்றில் செருகிமுனை மங்கிக் கரகரக்கத் தொடங்கினால், மின்சாதனங்களைத் துடைக்கும் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு ஒருமுறை துடைத்தால் போதும். பல புதிய கைபேசிகளில் வயர் செருகும் துளையே இல்லை, அதற்குத் தனி இணைப்பான் வேண்டும். நான் மடிக்கணினியோடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஹெட்போனின் உண்மையான குறை, பக்கத்தில் இருப்பவரை அது விலக்கிவிடுகிறது. அம்மாவும் கேட்க ஆசைப்பட்டார். ஒரு துளையில் இரண்டு ஹெட்போன் செருகும் பிரிப்பான் மலிவாகவே கிடைக்கிறது; ஒலி சற்றுக் குறைந்தாலும் இருவருக்கும் போதுமானதாக இருந்தது. மூன்று நான்கு பேர் என்றால் ஸ்பீக்கர்தான் வழி.

நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டனில் மாலை 7.30 மணிக் கச்சேரி டிசம்பரில் நமக்கு நள்ளிரவு 1 மணி. அந்நேரத்தில் நேரலை பார்ப்பவருக்கு, வீடே உறங்கும்போது ஹெட்போனைத் தவிர வேறு வழியில்லை. நியூயார்க்கில் இரவு 8 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 6.30, மார்கழி மாதம், கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடிக்கொண்டிருக்கலாம். அது கேட்க வேண்டிய இசை, குறைக்கச் சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட நாட்களில் நேரலையை விட்டுவிட்டு, பகலில் பதிவைக் கேட்கிறேன்.