பைபர் வள்ளத்துக்கு டிஎம்ஏ: வாடைக்கு வாங்கலாம், சித்திரைக்கு வேண்டாம்

பைபர் வேலைக்கான ரெசின் (பிசின்), மேட் (கண்ணாடி இழைப் பாய்), கோபால்ட் (ரெசின் இறுகுவதை முடுக்கும் மருந்து), கேட்டலிஸ்ட் (இறுகலைத் தொடங்கி வைக்கும் பெராக்சைடு) விற்கும் கடைகளில் டிஎம்ஏ என்று கேட்டால் மஞ்சள் எண்ணெய் மாதிரி ஒன்றைச் சின்னப் பாட்டிலில் தருவார்கள். முழுப் பெயர் டைமெத்தில் அனிலின். அனிலினையும் மெத்தனாலையும் அமிலம் சேர்த்து அழுத்தத்தில் சூடாக்கி ஆலைகளில் தயாரிக்கிறார்கள். கிரிஸ்டல் வயலட், மாலகைட் கிரீன் போன்ற சாயங்களுக்கு மூலப்பொருளும் இதுதான். நைட்ரஜனில் மூன்று கார்பன் பிணைப்பு இருப்பதால் இது மூன்றாம் நிலை அமீன். அந்த நைட்ரஜன் எலக்ட்ரானைக் கொடுத்து பெராக்சைடை உடைக்கும். ரெசின் சீக்கிரம் இறுகும்.

பாம்பன், தொண்டி, ஏர்வாடிப் பக்கம் ஐப்பசி முதல் தை வரை வாடையும் ஈரமும் சேர்ந்து ரெசினை இழுத்தடிக்கும். கோபால்ட்டைக் கூட்டிப் போடுவதைவிட, இந்த மாதங்களில் துளி டிஎம்ஏ நல்ல பலன் தரும். வழக்கமான எம்.இ.கே.பி. (மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு) கேட்டலிஸ்ட்டோடு கோபால்ட் இல்லாமல் இதை மட்டும் போட்டால் உருப்படியாகச் செட் ஆகாது. இது கோபால்ட்டுக்குத் துணை, மாற்று அல்ல.

அளவுதான் எல்லாம். 1 கிலோ ரெசினுக்கு 0.5 முதல் 1 மில்லி போதும். இவ்வளவு சிறியதை வாளியில் நேராக ஊற்றினால் ஒரு பக்கம் கட்டியாகும், மறு பக்கம் பிசுபிசுக்கும். 10 மில்லி டிஎம்ஏவை 90 மில்லி ஸ்டைரீனில் (ரெசினை இளக்கும் திரவம்) கலந்து வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி என்று நிதானமாக அளக்கலாம். முதலில் கோபால்ட், நன்றாகக் கலக்கிய பிறகு டிஎம்ஏ, வேலை தொடங்கும்போதுதான் கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட்டும் கோபால்ட்டும், அல்லது பென்சாயில் பெராக்சைடும் (பட்டியோடு வரும் இன்னொரு வகைக் கேட்டலிஸ்ட்) டிஎம்ஏவும் ரெசின் இல்லாமல் நேருக்கு நேர் சேரவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டையும் ஒரே குவளையால் அளப்பதும் அதே கதைதான். வாளி முழுக்கக் கலக்கும் முன் 100 கிராம் எடுத்து நிழலில் சோதித்துப் பாருங்கள்.

சித்திரை வெயிலில் இதைத் தொடவே தேவையில்லை. மதிய வெப்பத்தில் ரோலர் ஓட்டும் முன்பே ரெசின் கட்டிவிடும். கனமாக இட்ட மேட் புகைந்து, வெடிப்பு விட்டு, அச்சிலிருந்து விலகும். அவசர ஒட்டு வேலையிலும் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் இரண்டு மூன்று அடுக்குக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். உப்பு ஏறிய பழைய பரப்பை நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, தேய்த்த பிறகே ஒட்டுங்கள். ஈர மேட்டை டிஎம்ஏ காப்பாற்றாது.

பட்டி (பள்ளம், கீறல் நிரப்பும் பசை) வேலைக்கு வாங்குவோர் டப்பாவைப் படிக்கவும். பென்சாயில் பெராக்சைடு பேஸ்ட் டியூபோடு வரும் பட்டியில் இதே வகை அமீன் ஏற்கெனவே கலந்திருக்கும். மேலும் ஊற்றினால் கத்தியிலேயே கல்லாகும். வெளியே தெரியும் வெள்ளை ஜெல் கோட்டிலும் (பளபளப்பான மேற்பூச்சு) வேண்டாம். வெயில் பட்டு மஞ்சளடிக்கும். வள்ளத்தின் உள்பக்கம் என்றால் கவலையில்லை.

இந்தப் பொருளில் பெரிய குறை பாதுகாப்பு. சில்லறையாக ஊற்றித் தரும் பாட்டில்களில் எச்சரிக்கை எதுவும் இருப்பதில்லை. இது தோல் வழியாகவே உடம்பில் ஏறி, ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுக்கும். மெல்லிய ரப்பர் கையுறை தாங்காது. பியூட்டைல் கையுறை வேண்டும். மேலே பட்டால் துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவவும். உதடு, நகம் நீலம் பூத்தாலோ தலை சுற்றினாலோ பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரி. தீ அபாயத்தில் இதைவிட ரெசினில் இருக்கும் ஸ்டைரீன்தான் மோசம்: டிஎம்ஏ 63 டிகிரியில் ஆவி பற்றும், ஸ்டைரீன் 31 டிகிரியிலேயே. நம்ம ஊர் நடுப்பகலுக்கு அது போதும். பக்கத்தில் பீடியும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம்.

புதுச் சரக்கு இளமஞ்சளாக இருக்கும். காற்றுப் பட்டுப் பட்டுச் செம்பழுப்பாகும். நிறம் கறுத்த பாட்டிலைக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள். 100 மில்லிக்கு மேல் வாங்குவதும் வீண். அதுவே 100 கிலோ ரெசினுக்குக் காணும்.